பத்து கெந்தோன்மென் ஸ்டேஷன் பக்கம் வீடு: கொமுட்டர் ரயிலை நம்பி எடுக்கலாமா?

சுங்கைசிப்புட் பொண்ணு | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டுல இருந்து அடுத்த மாசம் கோலாலம்பூருக்கு (கேஎல்) மாறி வர்றேன். வேலை மிட்வேலி மால்ல, துணிக்கடை. ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மாலை ஷிப்ட். மாலைன்னா பத்து மணிக்குக் கடை மூடி, கணக்கு முடிச்சு வெளிய வர பத்தரை ஆயிடும்.

அம்மாவும் கூட வர்றாங்க. அதனால ரூம் சரிப்படாது. ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பழைய பிளாட் கிடைச்சிருக்கு, மூணாவது மாடி, வாடகை கையைக் கடிக்கல. ஏஜென்ட் போட்ட விளம்பரத்துல "கெந்தோன்மென் எம்.ஆர்.டி.க்கு அஞ்சு நிமிஷ நடை"ன்னு இருந்துச்சு. நேத்து நேர்ல போனா, அஞ்சு நிமிஷத்துல வர்றது எம்.ஆர்.டி (மெட்ரோ) இல்ல, பத்து கெந்தோன்மென் கொமுட்டர் (புறநகர் ரயில்) ஸ்டேஷன். கேட்டா "எல்லாம் ரயில்தானே"ங்கிறார்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்த ஸ்டேஷன்ல நின்னு பார்த்தோம். நான், அம்மா, ஒரு பூனை. வேற யாரும் இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு வண்டி வந்து, நாலு பேரை இறக்கிட்டுப் போயிருச்சு. அம்மா "நம்ம ஊரு ஸ்டேஷனே இதை விடத் தேவலாம் போலிருக்கே"ன்னுட்டாங்க.

இந்தச் சின்ன ஸ்டேஷனை நம்பி வீடு எடுக்கலாமா? ராத்திரி தனியா வர்றதுக்குச் சரியா இருக்குமா? இல்ல பேசாம ஒரு மோட்டோ (மோட்டார் சைக்கிள்) வாங்கிடலாமா? அங்க இருக்கிறவங்க சொல்லுங்க.

மோட்டோ ராஜா | திங்கள், இரவு 9.30

மோட்டோ வாங்குங்க தங்கச்சி. இழையை இதோட மூடிடலாம்.

இரவுப்பணி | திங்கள், இரவு 10.05

மூட வேணாம், நான் அந்த ஸ்டேஷன்லதான் அஞ்சு வருஷமா ஏறி இறங்குறேன். ஆஸ்பத்திரி வேலை, மூணு ஷிப்ட்டும் பார்த்தாச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தங்கச்சி. கெந்தோன்மென் எம்.ஆர்.டி வேற, பத்து கெந்தோன்மென் கொமுட்டர் வேற. பேரு மட்டும்தான் ஒட்டும், ஸ்டேஷன் ஒட்டாது. இந்தப் பக்கம் இது ஒரு வியாதி. செந்தூல்னு கொமுட்டர் ஒண்ணு, செந்தூல்னு எல்.ஆர்.டி (இலகு ரயில்) ஒண்ணு, செந்தூல் தீமோர் எல்.ஆர்.டி ஒண்ணு, செந்தூல் பாராட் எம்.ஆர்.டி ஒண்ணு. கிராப் (வாடகைக் கார்) ஓட்டுறவர்கிட்ட "செந்தூல் ஸ்டேஷன்"னு மட்டும் சொன்னீங்கன்னா அவர் இஷ்டத்துக்கு ஒரு செந்தூல்ல இறக்கி விட்டுடுவார். எனக்கு நடந்திருக்கு, மழையில.

உங்களுக்கு நல்ல சேதி, மிட்வேலி நேர் வண்டி. செந்தூல், புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல், அடுத்தது மிட்வேலி. ஆறாவது ஸ்டேஷன். மாத்தி ஏற வேண்டியதில்ல. இந்த ஊர்ல மாறாம வேலைக்குப் போற ஆளு எத்தனை பேர் சொல்லுங்க பார்ப்போம்.

கெட்ட சேதி, வண்டி அடிக்கடி கிடையாது. காலையிலயும் சாயங்காலமும் சுமார் அரை மணிக்கு ஒண்ணு. நடுவுல, ராத்திரியில, ஒரு மணி நேர இடைவெளி கூட வரும். எல்.ஆர்.டி மாதிரி "போய் நின்னா வரும்"னு நினைச்சா செத்தோம். இது கிட்டத்தட்ட ஊரு பஸ் மாதிரி, நேரம் தெரிஞ்சுதான் வீட்டை விட்டுக் கிளம்பணும். நான் ஃபிரிட்ஜ்ல நேர அட்டவணை ஒட்டி வச்சிருக்கேன். என் பையன் ஏ, பி, சி-க்கு முன்னாடி அதைத்தான் படிச்சான்.

சுங்கைசிப்புட் பொண்ணு | திங்கள், இரவு 10.20

நன்றிக்கா. ஆஸ்பத்திரிக்கும் கொமுட்டர்லயே போறீங்களா?

இரவுப்பணி | திங்கள், இரவு 10.41

இல்ல, அது ஒரு கூத்து. என் ஆஸ்பத்திரி டவுன் பக்கம், அதாவது தெற்கே. நான் வடக்கே போற வண்டியில ஏறுவேன். ஒரே ஸ்டேஷன், கம்போங் பத்து. அங்க எம்.ஆர்.டி புத்ராஜெயா லைன் பக்கத்துலயே இருக்கு. கொமுட்டர் கேட்ல தட்டி வெளிய வந்து, எம்.ஆர்.டி கேட்ல தட்டி உள்ள போகணும். 2022 ஜூன்ல அந்த லைன் முதல் கட்டமா திறந்தப்ப கம்போங் பத்துதான் கடைசி ஸ்டேஷன். மறு வருஷம் மார்ச்லதான் புத்ராஜெயா வரைக்கும் முழுசா ஓட ஆரம்பிச்சுது. அந்த ஒன்பது மாசம் எங்க கம்பத்துக்கு என்ன மவுசுங்கிறீங்க, ஊர் உலகமே கடைசி ஸ்டேஷன் பேரா எங்க பேரைச் சொல்லிட்டிருந்துச்சு!

காசு விஷயத்துல கவனம். மை50 கார்டு, மாசம் அம்பது வெள்ளி (ரிங்கிட்), அது எல்.ஆர்.டி, எம்.ஆர்.டி, ரேப்பிட் பஸ்ஸுக்குத்தான். கொமுட்டருக்கு டச் அண்ட் கோ கார்டுல தனியா வெட்டும். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தா பாதிக் கட்டணம் உண்டு, ஐ.சி. (அடையாள அட்டை) எடுத்துட்டுப் போய்க் கேளுங்க.

மோட்டோ ராஜா | திங்கள், இரவு 11.02

அக்கா சொன்னதையே திருப்பிப் படிங்க. தெற்கே போக வடக்கே ஏறணும், ரெண்டு தடவை தட்டணும், ஃபிரிட்ஜ்ல அட்டவணை ஒட்டணும். நான் செலாயாங்ல இருந்து மோட்டோவுல பாங்சார் போறேன், முப்பது நிமிஷம், என் இஷ்டத்துக்குக் கிளம்புறேன்.

இன்னொண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. பத்து கெந்தோன்மென், தாமான் வாஹ்யு, அந்தப் பக்கம் சிப்புத்தே, இதெல்லாம் எதுக்கு? பூனையும் நாலு பேரும் ஏறுற இடத்துல ஆறு பெட்டி வண்டியை நிறுத்தி ஏசியெல்லாம் வெளிய விட்டு, கதவைச் சாத்தி மறுபடி கிளப்புறாங்க. பேசாம சின்னதையெல்லாம் மூடிட்டு பெரிய ஸ்டேஷன்ல மட்டும் நிறுத்தினா பத்துமலையில ஏறினவன் சீக்கிரமா சிரம்பான் போய்ச் சேருவான். கேட்டா மக்கள் சேவைம்பாங்க.

நாலாங்கட்டை | செவ்வாய், காலை 5.48

காலையில எழுந்து காப்பி கூட குடிக்கல, இதைப் படிச்சதும் வயிறு எரியுது.

தம்பி ராஜா, எங்கப்பா செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்ல ஃபிட்டர். எங்க தாத்தா தண்டவாளக் கூலி. எங்க வீட்டுல மூணு தலைமுறை சாப்பிட்ட சோறு தண்டவாளத்துச் சோறு. செந்தூல்ல அந்தக் காலத்துல கடிகாரம் எதுக்கு? வொர்க்‌ஷாப் சங்கு ஊதினா அம்மா உலை வைப்பாங்க, மறுபடி ஊதினா எங்க அப்பா தூக்குச் சட்டியோட தெரு முனையில வருவார். ஆயிரக்கணக்கான பேர் வேலை செஞ்ச இடம். ஜப்பான்காரன் பிடியில இருந்தப்ப 1945 பிப்ரவரியில பி-29 விமானம் வந்து குண்டு போட்டதே அந்த வொர்க்‌ஷாப் மேலதான், ஏன்னா அதை அடிச்சா மலாயாவுல ரயில் நொண்டும்னு அவங்களுக்குத் தெரியும். இப்ப அந்த வேலையெல்லாம் பத்து காஜாவுக்குப் போயிருச்சு. பழைய கட்டடம் ஒண்ணுல நாடக அரங்கம் நடக்குது, டிக்கெட் வாங்கிட்டுப் போகணும். எங்கப்பா ஓசியில எண்ணெய் பூசிக்கிட்டு நின்ன இடம்.

கெந்தோன்மென்னா என்னன்னு தெரியுமா? கன்டோன்மென்ட். பட்டாளத்துக்காரன் முகாம். அந்த முகாம் ஜாலான் ஈப்போவுல இருக்கு, மலாய் வாயில பேர் அப்படி ஆகிருச்சு. பத்துன்னா கல், மைல் கல். நாம கட்டைன்னு சொல்றது அதைத்தான். நாலாங்கட்டை, அஞ்சாங்கட்டைன்னு சொல்லித்தான் இந்தச் சாலையில நாங்க வளர்ந்தோம். பத்துமலைங்கிறதுல இருக்கிற பத்தும் அந்தக் கல்தான், பக்கத்துல ஓடுற ஆத்துக்கும் அதே பேரு. பத்து மலை இருக்கான்னு எண்ணிப் பார்த்தவன் எவனும் கிடையாது.

இந்தத் தடம் ஒண்ணும் நேத்து முளைச்சது இல்ல. பத்துமலை கல்குவாரியில இருந்து சுண்ணாம்புக் கல் ஏத்திக்கிட்டு கூட்ஸ் வண்டி ஊர்ந்து வரும், நாங்க பசங்க கூடவே ஓடுவோம், முந்திடுவோம். அப்புறம் பல வருஷம் புல் மண்டிக் கிடந்துச்சு. 2010 ஜூலையிலதான் ரெட்டைத் தடம் போட்டு, மின்சாரக் கம்பி இழுத்து, கொமுட்டரைச் செந்தூல்ல இருந்து பத்துமலை வரைக்கும் நீட்டினாங்க. அன்னிக்கு நானும் என் சம்சாரமும் முதல் வாரத்துலயே ஏறிப் போய் முருகனைப் பார்த்துட்டு வந்தோம். அவளுக்கு முட்டி வலி, இருநூத்தி எழுபத்திரெண்டு படி ஏற முடியாது, கீழே நின்னு கும்பிட்டா. ஆனா வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு அவளே நடந்து வந்தா, யார் காடியும் (காரும்) கேட்காம. அதுக்குப் பேர்தான் தம்பி சின்ன ஸ்டேஷன்.

பாப்பா, நீ வீட்டை எடும்மா.

தண்டவாளம் | செவ்வாய், காலை 8.15

நாலாங்கட்டை அங்கிள், வணக்கம். உணர்ச்சியை நீங்க சொல்லிட்டீங்க, நான் கணக்கைச் சொல்றேன். (எனக்கு ரயில் பைத்தியம், வேலை வேற.)

ராஜா அண்ணே, ஒரு ஸ்டேஷனை எடுத்தா எவ்வளவு மிச்சமாகும்? பிரேக் போட்டு வேகம் குறையறது, கதவு திறந்து மூடறது, மறுபடி வேகம் பிடிக்கிறது, எல்லாம் சேர்த்து ஒன்றரையில இருந்து ரெண்டு நிமிஷம். தாமான் வாஹ்யு, பத்து கெந்தோன்மென் ரெண்டையும் மூடிட்டோம்னு வைங்க. பத்துமலைக்காரருக்கு அதிகபட்சம் நாலு நிமிஷம் லாபம்.

இப்ப எதையும் மூடாம, அரை மணிக்கு ஒண்ணுன்னு வர்ற வண்டியைக் கால் மணிக்கு ஒண்ணா ஆக்கினா? நேரம் பார்க்காம வந்து நிக்கிற ஆளு சராசரியா இடைவெளியில பாதி காத்திருப்பார். அரை மணி இடைவெளின்னா பதினஞ்சு நிமிஷம், கால் மணின்னா ஏழரை. எல்லா ஸ்டேஷன்லயும் எல்லா ஆளுக்கும் ஏழரை நிமிஷம் லாபம். ஒரு கதவையும் சாத்த வேணாம். ஆக வண்டி மெதுவா போறது பிரச்சினை இல்ல, குறைவா வர்றதுதான் பிரச்சினை. பூனையும் நாலு பேரும்னு கேலி பண்றோம், ஒரு மணிக்கு ஒரு வண்டி விட்டா எந்த ஸ்டேஷன்லதான் கூட்டம் நிக்கும்? கூட்டம் இல்லாததால வண்டி குறைவா, வண்டி குறைவா இருக்கிறதால கூட்டம் இல்லையா?

அப்ப ஏன் கூட்ட மாட்டேங்கிறாங்கன்னா, அதுக்கும் காரணம் இருக்கு. பத்துமலை–பூலாவ் செபாங் வண்டியும் தஞ்சோங் மாலிம்–கிள்ளான் துறைமுகம் வண்டியும் புத்ராவுல இருந்து கேஎல் சென்ட்ரல் வரைக்கும் ஒரே ரெண்டு தண்டவாளத்துலதான் ஓடணும். அதே தடத்துல ஈப்போ, பட்டர்வொர்த், பாடாங் பெசார் போற இ.டி.எஸ். (தூரத்து ஊர் மின்சார ரயில்) வரணும், கன்டெய்னர் கூட்ஸ் வரணும். கழுத்து குறுகின குப்பி மாதிரி. கூடவே ரவாங்ல இருந்து சாலாக் செலாத்தான் வரைக்கும் தடத்தையும் சிக்னலையும் மாத்துற வேலை வருஷக்கணக்கா நடந்துச்சு, அப்பல்லாம் ஒரே தடத்துல ரெண்டு பக்க வண்டியையும் விட வேண்டியதாச்சு. அந்தக் காலத்துல கொமுட்டரைக் கைவிட்டவங்க நிறைய பேர் இன்னும் திரும்பி வரல. ராஜா அண்ணன் அதுல ஒருத்தர்னு என் சந்தேகம்.

மோட்டோ ராஜா | செவ்வாய், காலை 9.40

சந்தேகம் வேணாம், நான்தான். 2017-ல சாயங்காலம் பேங்க் நெகாராவுல நின்னு நின்னு காலு வேர் விட்டுச்சு. அன்னிக்குப் போட்ட முழுக்கு.

அங்கிள், மன்னிச்சுக்குங்க, உங்க சம்சாரம் கதை எனக்குத் தெரியாது. ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. பத்தரை மணிக்குக் கடை விட்டு வர்ற பொண்ணு ஒரு வண்டியைத் தவற விட்டா மிட்வேலி பிளாட்பாரத்துல ஒரு மணி நேரம் உக்காரணுமா? சராசரி கணக்கு அவளைக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விடாது.

தண்டவாளம் | செவ்வாய், காலை 9.58

அது நியாயமான கேள்வி. ஒத்துக்கிறேன்.

கிள்ளான்காரன் | செவ்வாய், மதியம் 12.30

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்க்காரங்களுக்கு இந்த லைன் மேல ஒரு பழைய வருத்தம் உண்டு. முன்னாடி கிள்ளான்ல ஏறினா ஒரே வண்டி, நேரா பத்துமலை. தைப்பூசத்துக்கு பால்குடத்தோட ஏறி உக்காந்தா கோயில் வாசல்லதான் எழுந்திருப்போம். 2015 கடைசியில ரெண்டு லைனையும் மாத்திப் போட்டாங்க. இப்ப நாங்க வழியில இறங்கி மாறணும். பாட்டிங்களைக் கூட்டிட்டு, பூசைத் தட்டோட, கேஎல் சென்ட்ரல் கூட்டத்துல. தைப்பூசத்துக்கு ராத்திரி பகலா வண்டி விடறாங்க, அதுக்குக் கும்பிடு. ஆனா அந்த ஒரு மாற்றம் இன்னும் எங்கம்மா வாயில அடிபடுது.

தங்கச்சிக்கு ஒரு எச்சரிக்கை. திரும்பி வரும்போது மிட்வேலியில ஏறினா தொல்லை இல்ல, அங்க வடக்கே போற கொமுட்டர்னா உங்க லைன் வண்டிதான். ஆனா கேஎல் சென்ட்ரல்லயோ பேங்க் நெகாராவுலயோ ஏறினா முன்னாடி எழுதியிருக்கிற ஊர் பேரைப் பார்த்து ஏறுங்க. ரெண்டு லைனும் ஒரே மாதிரி வண்டி. புத்ராவைத் தாண்டினதும் ஒண்ணு செந்தூல் பக்கம் திரும்பும், இன்னொண்ணு செகாம்புட்டுக்குப் போயிடும். நான் ஒரு தடவை போன்ல வீடியோ பார்த்துக்கிட்டே கெப்போங் வரைக்கும் போயிட்டேன். தப்பு என்னுதுதான், வண்டி என்ன செய்யும்.

செந்தூல் மருமகள் | செவ்வாய், மதியம் 2.10

வண்டி வண்டின்னே எல்லாரும் பேசுறீங்க. நடக்கிறதை யாரும் பேசல.

ஸ்டேஷன் உள்ள வெளிச்சம் இருக்கு, கேமரா இருக்கு. பயம் வண்டியில இல்ல, ஸ்டேஷனை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துலதான். அஞ்சு நிமிஷம்ங்கிறது பகல் கணக்கு. ராத்திரி பதினொண்ணுக்கு அது வேற தூரம். ஒரு தெருவிளக்கு எரியலைன்னா, ரெண்டு நாய் குறுக்க படுத்திருந்தா, காடி நிறுத்தி யாராச்சும் சும்மா உக்காந்திருந்தா, அஞ்சு நிமிஷம் அரை மணி ஆயிடும். வீட்டுக்கு முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ராத்திரி பத்தரை, பதினொண்ணு வாக்குல அந்த வழியை நடந்து பாருங்க. தனியா வேணாம், யாரையாச்சும் கூட்டிட்டு. ஏஜென்ட் ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் காட்டுவார், அவருக்கு அதுதான் லாபம்.

இன்னொரு நாள் சாயங்காலம் மழையில நடந்து பாருங்க. கேஎல் மழை தெரியும்ல, நாலு மணிக்குக் கறுத்தா அஞ்சு மணிக்குக் கொட்டும். கூரை போட்ட நடைபாதை எதுவரைக்கும் இருக்கு, எங்க சாக்கடை நிரம்பி வழியுதுன்னு அப்பத்தான் தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல மாமியார் சொன்னாங்க, "வெயில்ல பொண்ணு பாரு, மழையில வீடு பாரு"ன்னு. எங்க மாமியார் பழமொழியெல்லாம் அவங்களே கட்டுறதுதான், ஆனா இது சரியா இருந்துச்சு.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 4.25

அவங்க சொன்னது அத்தனையும் உண்மை. நான் ராத்திரி வரும்போது முன்வாசல் வழியா மட்டும்தான் போவேன், குறுக்கு வழி அஞ்சு நிமிஷம் மிச்சம்னாலும் போக மாட்டேன். கூட இறங்குறவங்க முகம் பழகிடும். ஒரு பாகிஸ்தான்காரர் ஜாகா (காவல்காரர்) வேலை பார்க்கிறார், ஒரு மலாய்க்கார அக்கா பேக்கரியில வேலை, அப்புறம் நான். மூணு பேரும் பேர் கேட்டுக்கிட்டது கூட இல்ல. ஆனா ஒருத்தர் வரலைன்னா மத்த ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்துட்டுத்தான் நடப்போம். பெரிய ஸ்டேஷன்ல இது கிடைக்காது. போன வருஷம் எனக்கு டெங்கி வந்து பத்து நாள் போகல. திரும்பப் போன அன்னிக்கு அந்த அக்கா பையில இருந்து ரெண்டு பன் எடுத்துக் கொடுத்துட்டு, ஒண்ணும் பேசாம முன்னாடி நடந்து போயிட்டாங்க.

வண்டிக்குள்ள, கோச் வனிதாவுல, அதாவது பெண்கள் பெட்டியில ஏறுங்க. 2010-ல இருந்து இருக்கு. ஆறு பெட்டி வண்டியில நடுவுல இருக்கிற ரெண்டு பெட்டி, இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். பிளாட்பாரத்துக்கு நடுவுல நின்னீங்கன்னா நேரா கதவு முன்னாடி வரும். சில ஆம்பளைங்க தெரியாத மாதிரி ஏறுவாங்க, நாலு பொம்பளைங்க ஒண்ணா முறைச்சா தெரிஞ்சுக்குவாங்க.

சுங்கைசிப்புட் பொண்ணு | செவ்வாய், இரவு 9.50

படிக்கப் படிக்க ஒரு நேரம் எடுக்கலாம்னு தோணுது, ஒரு நேரம் வேணாம்னு தோணுது. நாலாங்கட்டை அங்கிள் எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா தோட்டத்துல பிறந்தவங்க. "எங்க தாத்தாவும் கப்பல்ல வந்து முதல்ல ரயிலு ரோட்டு வேலைதான் செஞ்சாராம்"னு சொன்னாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு இது தெரியாது.

ராஜா அண்ணே, மோட்டோ எனக்கு ஓட்டத் தெரியும், ஊர்ல ஓட்டுறேன். ஜாலான் கூச்சிங்ல லாரி நடுவுல ஓட்ட தைரியம் இல்ல, அம்மாவும் விட மாட்டாங்க. அதனால மாலை ஷிப்ட் வாரத்துக்கு என்ன வழின்னு மட்டும் சொல்லுங்க.

நாலாங்கட்டை | புதன், காலை 6.02

அம்மாகிட்ட சொல்லும்மா, அவங்க தாத்தா மட்டும் இல்ல. இந்த நாட்டுல முதல் ரயில் 1885 ஜூன்ல, தைப்பிங்ல இருந்து போர்ட் வெல்டுக்கு. எட்டு மைல் சொச்சம். அதுக்கே சிலோன்ல இருந்து பயனியர் படை ஆட்களைக் கொண்டு வந்துதான் காட்டை வெட்டினாங்க. மறு வருஷம் கோலாலம்பூர்ல இருந்து கிள்ளான் பக்கம் ரெண்டாவது தடம். அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி (குமாஸ்தா) வேலைக்கெல்லாம் யாழ்ப்பாணத்துக்காரங்க, மண் வெட்ட, கட்டை போட, கல் கொட்ட நம்ம ஆளுங்க. பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே குவாட்டர்ஸ் இருந்தது, செந்தூல்ல இருந்தது. சாவு வீட்டுல கூட ரெண்டு கூட்டமும் தள்ளித் தள்ளித்தான் உக்காருவாங்க. அது வேற கதை, இங்க வேணாம்.

உங்கம்மா ஊருக்குப் போறதுக்கும் இந்த வீடு வசதி. கொமுட்டர்ல கேஎல் சென்ட்ரல் போய் அங்கயே இ.டி.எஸ். பிடிக்கலாம். சுங்கை சிப்புட்ல எல்லா வண்டியும் நிக்காது, நிக்கிற வண்டியாப் பார்த்து டிக்கெட் எடுக்கணும். மூட்டை முடிச்சோட டாக்ஸி பிடிச்சு அலைய வேணாம்.

தண்டவாளம் | புதன், காலை 8.40

மாலை ஷிப்ட்டுக்கு இதோ வழி. ராஜா அண்ணன் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்.

கடை விட்டதும் முதல்ல போன்ல அடுத்த கொமுட்டர் எப்போன்னு பாருங்க. பத்து, பதினஞ்சு நிமிஷத்துல இருந்தா அதுல வந்துடுங்க. இல்லைன்னா காத்திருக்கவே வேணாம். மிட்வேலி கார்டன்ஸ் பக்கமா பாலத்துல நடந்தா அப்துல்லா ஹூக்கும் எல்.ஆர்.டி. வரும். அதுல மஸ்ஜித் ஜாமெக் வந்து, செந்தூல் தீமோர் போற வண்டிக்கு மாறி, செந்தூல் எல்.ஆர்.டி.ல இறங்குங்க. அங்க இருந்து வீட்டுக்கு கிராப், குறைஞ்ச தூரம்தான். எல்.ஆர்.டி அடிக்கடி வரும், இடைவெளி பெருசா இருக்காது. மாலை ஷிப்ட் வாரம் ரெண்டு நாள் கிராப்னாலும் மாசத்துக்கு எவ்வளவு ஆகும்னு வாடகையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க. அதையும் சேர்த்து டவுன் வாடகையை விடக் குறைவா வந்தா எடுங்க, வரலைன்னா விடுங்க. வாடகை எவ்வளவுன்னு இங்க போட வேணாம், ஏஜென்ட்டும் இதைப் படிப்பார்.

செந்தூல் மருமகள் | புதன், காலை 9.05

கிராப் கூப்பிடும்போது "செந்தூல் எல்.ஆர்.டி"ன்னு அழுத்திச் சொல்லுங்க. இரவுப்பணி அக்கா மழையில நின்ன கதை நினைவிருக்கட்டும்.

மோட்டோ ராஜா | புதன், காலை 10.15

சரி, தோத்தேன்னு எழுத மாட்டேன். ஆனா தண்டவாளம் தம்பி சொன்ன வழி நல்ல வழி. மழைக்கோட்டு மட்டும் நல்லதா வாங்குங்க தங்கச்சி, பத்து வெள்ளி பிளாஸ்டிக் ரெண்டு மழை தாங்காது.

நிர்வாகி | புதன், காலை 11.00

இந்த இழையில சில பதிவுகளைக் காணோமேன்னு தனி மடல்ல சிலர் கேட்டிருந்தீங்க. "எந்தச் சாதிக்காரன் ஸ்டேஷன் மாஸ்டர் ஆனான்" என்று கிளம்பிய மூன்று பதிவுகளை எடுத்துவிட்டேன். வீட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சுங்கைசிப்புட் பொண்ணு | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

எல்லாரும் என்ன ஆச்சுன்னு தனி மடல்ல கேக்குறீங்க, இங்கயே எழுதிடறேன்.

வீட்டை எடுத்துட்டோம். ஆனா அதே பிளாட் இல்ல. செந்தூல் மருமகள் அக்கா சொன்ன மாதிரி மாமா பையனைக் கூட்டிக்கிட்டு ராத்திரி பத்தே முக்காலுக்கு நடந்து பார்த்தோம். அந்த பிளாட்டுக்குப் போற சந்துல ஒரு விளக்கும் எரியல, ஒரு பக்கம் முழுக்கத் தகரத் தடுப்பு. திரும்பி வரும்போது மெயின் ரோட்டு ஓரமா இன்னொரு கட்டடத்துல "வாடகைக்கு"ன்னு எழுதியிருந்துச்சு. நூறு வெள்ளி கூட. ஸ்டேஷனுக்கு ஒன்பது நிமிஷம், ஆனா வழி முழுக்கக் கடை, மாமாக் சாப்பாட்டுக் கடை ஒண்ணு விடிய விடியத் திறந்திருக்கு. அதை எடுத்தோம்.

காலை ஷிப்ட் வாரம் சொர்க்கம். ஏறினா உக்கார இடம் கிடைக்குது, ஏன்னா எனக்கு முன்னாடி மூணே ஸ்டேஷன்தான். புத்ரா, பேங்க் நெகாராவுல ஏறுறவங்க நிக்கிறாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். மாலை ஷிப்ட்ல பாதி நாள் கொமுட்டர், பாதி நாள் எல்.ஆர்.டி. வழி. ஒரே ஒரு நாள் ரெண்டும் இல்லாம முழுக்க கிராப்ல வந்தேன், அன்னிக்குச் சம்பளத்துல ஒரு மணி நேரம் போச்சு.

அம்மாதான் ஆச்சரியம். ஸ்டேஷன்ல பூனைக்கு மிச்ச மீன் கொண்டு போறாங்க. போன வெள்ளிக்கிழமை என்கிட்ட சொல்லாமலே தனியா வண்டி ஏறி பத்துமலை போயிட்டு வந்திருக்காங்க. மூணே ஸ்டேஷன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தா நெத்தியில திருநீறு, கையில ஒரு பை தேங்காய்.

நாலாங்கட்டை அங்கிள், உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. அவங்க தாத்தா எந்த ரயிலு ரோட்டுல வேலை செஞ்சாருன்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமான்னு கேக்குறாங்க. ஒரு பழைய தகரப் பெட்டியில சீட்டு ஒண்ணு இருக்கு, எழுத்து பாதி அழிஞ்சிருச்சு.

நாலாங்கட்டை | ஞாயிறு, இரவு 8.05

கண்டுபிடிப்பேனான்னு தெரியாதும்மா. சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லு, மடிக்க வேணாம். சனிக்கிழமை காலையில ஸ்டேஷன்லயே உக்காந்திருக்கேன், பத்துமலை போற பக்கத்து பிளாட்பாரத்துல. எந்த வண்டி வந்தாலும் நான் ஏற மாட்டேன், நிதானமா வரட்டும்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 8.30

அந்தப் பூனைக்கு மீன் போடுறது உங்கம்மாவா? ரெண்டு வாரமா எங்க மூணு பேர் பின்னாடி வராம அது பிளாட்பாரத்துலயே படுத்திருக்கு.